கமாடோ அடுப்பில் கரிக்கூடையும் அடித்தட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தடித்த பீங்கான் சுவரும், முட்டை வடிவமும், கீல் வைத்த கனமான மூடியும் கொண்ட கரி அடுப்பே கமாடோ. ஜப்பானில் சோறு சமைக்கப் பயன்பட்ட மண் அடுப்பை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைவீரர்கள் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைய வடிவம் அதிலிருந்து வளர்ந்தது. 1974இல் அட்லாண்டாவில் தொடங்கிய பிக் கிரீன் எக் நிறுவனத்துக்கு அது பரவியதில் பெரும் பங்கு உண்டு. இங்குள்ள கேள்விகள் அடுப்பின் உள்ளே கரி உட்காரும் இடத்தைப் பற்றியவை மட்டுமே.

சில பெயர்களை முதலிலேயே சொல்லிவிடலாம். வெளி ஓட்டுக்குள் கரியைத் தாங்கி நிற்கும் பீங்கான் பாத்திரத்தை நெருப்புக் கிண்ணம் என்றும், அதன் அடியில் துளைகளோடு கிடக்கும் வட்டத் தகட்டை அடித்தட்டு என்றும், கிண்ணத்தின் மேல் அமரும் வளையத்தை நெருப்பு வளையம் என்றும், உணவுக்கும் தணலுக்கும் நடுவே வைக்கும் பீங்கான் தகட்டை மறைப்புக் கல் என்றும் இங்கே அழைக்கிறோம். கரிக்கூடை என்பது நெருப்புக் கிண்ணத்துக்குள் இறங்கி உட்காரும், கைப்பிடியுள்ள கம்பிக் கூடை.

கூடையைப் பற்றிப் பேசும் முன்: கமாடோவுக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது?

கீழ்க் கதவு வழியாக நுழையும் காற்று, நெருப்புக் கிண்ணத்தின் அடியில் உள்ள வெற்றிடத்தை முதலில் நிரப்புகிறது. அங்கிருந்து அடித்தட்டின் துளைகள் வழியாகவும், சில வகைகளில் கிண்ணத்தின் பக்கச் சுவரில் உள்ள சிறு துளைகள் வழியாகவும் கரிக்குள் ஏறி, எரிதலில் சூடாகி, மேல் திறப்பு வழியாக வெளியேறுகிறது. சூடான காற்று மேலே போவதால்தான் கீழே புதிய காற்று இழுக்கப்படுகிறது. விசிறியோ ஊதுகுழலோ இல்லாமல் இந்த இழுவை ஒன்றே அடுப்பை நடத்துகிறது.

ஒரு கிலோ கரிமம் முழுமையாக எரிய ஏறத்தாழ 11.5 கிலோ காற்று வேண்டும். அறை வெப்பநிலையில் அது 9 முதல் 10 கன மீட்டர் வரை வரும். இதில் பெரும்பகுதி அந்தச் சிறு தட்டின் துளைகளைக் கடந்துதான் போக வேண்டும் என்பதை மனத்தில் கொண்டால், கூடை தேவையா, எந்தத் தட்டு நல்லது, வெப்பம் ஏன் ஏற மறுக்கிறது என்பன போன்ற கேள்விகளுக்குப் பாதி விடை அப்போதே கிடைத்துவிடும். கூடையின் வேலை கரியைப் பிடித்து வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வேலையைக் கிண்ணமே செய்துவிடும். கூடை பாதுகாப்பது காற்று போகும் வழியை.

அடுப்போடு வரும் வார்ப்பிரும்புத் தட்டில் என்ன குறை?

தட்டில் குறையில்லை, அதன் துளைகள் அடைபடுவதில்தான் குறை. வட்டமாகத் துளையிட்ட தட்டின் மேல் கரியைக் கொட்டும்போது, பையின் அடியில் கிடந்த தூளும் நொறுங்கலும் முதலில் துளைகளைத் தேடிப் போகின்றன. புளியங்கொட்டை அளவுள்ள ஒரு துண்டு போதும், ஒரு துளையை மூடிவிடும். அதைச் சுற்றிச் சாம்பல் படிந்துவிட்டால் அந்தத் துளை இல்லாததற்குச் சமம். தட்டு தட்டையாக இருப்பதால், ஒரு பெரிய கரித்துண்டு தன் தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி படுத்துவிட்டாலும் மூன்று நான்கு துளைகள் ஒரேயடியாக மூடிக்கொள்ளும்.

குறைந்த வெப்பத்தில் சமைக்கும்போது இந்த அடைப்பு வெளியே தெரியாது. 110 டிகிரி செல்சியஸில் நிற்கும் அடுப்புக்குக் காற்று மிகக் கொஞ்சமே தேவைப்படுவதால், பாதித் துளைகள் அடைந்திருந்தாலும் மீதித் துளைகள் ஈடுகட்டிவிடும். அதே கரியின் மேல் மறுநாள் புதுக் கரியைக் கொட்டி, கதவுகளை முழுக்கத் திறந்து, 300 டிகிரிக்கு ஏற்ற முயலும்போதுதான் முள் 200இல் நின்றுவிடும். அடுப்பில் கோளாறு என்று கருதி மூடியின் விளிம்புப் பட்டையையும் வெப்பமானியையும் சோதிப்பவர்கள், முதலில் கரியைத் தள்ளிவிட்டு அடித்தட்டைப் பார்ப்பது நல்லது.

கம்பிகளால் ஆன தட்டு இதைவிட மேலானதா?

ஆம். இணையான கம்பிகளுக்கு இடையே நீண்ட இடைவெளிகள் இருப்பதால், ஒரு துண்டு ஓரிடத்தை மறைத்தாலும் அந்த இடைவெளியின் மீதி நீளம் திறந்தே இருக்கும். கூடை வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு இதுவே போதுமான மாற்றம். கம்பிகளின் இடைவெளி அதிகமானால் நல்ல கரியும் சாம்பலோடு கீழே விழும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் கூடை கூடுதலாக என்ன தருகிறது?

முதலாவது, பக்கவாட்டுக் காற்று. கூடையின் சுவர் கிண்ணத்தின் சுவரிலிருந்து சற்று விலகி நிற்பதால், இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டாகிறது. கிண்ணத்தின் பக்கத் துளைகளைக் கரி மூடிவிடாமல் அது காக்கிறது. தட்டின் நடுவில் அடைப்பு ஏற்பட்டாலும் காற்று விளிம்பைச் சுற்றிக்கொண்டு கரிக்குள் நுழையும்.

இரண்டாவது, சுத்தம் செய்யும் முறை. கூடை இல்லாத அடுப்பில், ஒவ்வொரு சமையலுக்கு முன்னும் மிச்சக் கரியைக் கிளறி, சாம்பலைத் துளைகள் வழியாகக் கீழே தள்ளி, கீழ்க் கதவு வழியாக வாரி எடுக்க வேண்டும். கிளறக் கிளறக் கரி நொறுங்கித் தூள் பெருகும். அந்தத் தூளே மீண்டும் துளைகளை அடைக்கும். கூடை இருந்தால், ஆறிய பிறகு கைப்பிடிகளைப் பிடித்து, கிண்ணத்துக்குள்ளேயே இரண்டு மூன்று முறை லேசாகக் குலுக்கினால் சாம்பலும் பொடியும் உதிர்ந்துவிடும். எரியத் தகுந்த துண்டுகள் மட்டும் தங்கும். பிறகு கூடையை வெளியே தூக்கி வைத்துவிட்டு அடியைச் சுத்தம் செய்யலாம். இதற்கு ஆகும் நேரம் மிகக் குறைவு என்பதால் மனிதர்கள் உண்மையிலேயே செய்கிறார்கள். என் கணிப்பில் கூடையின் பெரும் பயன் இதுதான்: காற்றோட்டக் கணக்கைவிட, சோம்பலுக்கு இடமில்லாமல் செய்துவிடுவது.

கூடை போட்டால் அடுப்பு அதிகமாகச் சூடேறுமா? குறைந்த வெப்பத்தில் நிறுத்த முடியாமல் போகுமா?

அடுப்பு எட்டக்கூடிய உச்ச வெப்பம் விரைவாக வரும். நிற்கும் வெப்பத்தை முடிவு செய்வது கூடை அன்று; கீழ்க் கதவும் மேல் திறப்பும்தான். காற்று நுழையும் வாயில் சிறிதாக இருக்கும்வரை, உள்ளே பாதை எவ்வளவு தாராளமாக இருந்தாலும் எரியும் கரியின் அளவு அந்த வாயிலுக்கு உட்பட்டதே.

ஆனால் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பாதி அடைந்த தட்டோடு பழகியவர், 'கீழ்க் கதவு இரண்டு விரல் அகலம், மேலே கால் பங்கு' என்று ஒரு கணக்கை மனத்தில் வைத்திருப்பார். பாதை சுத்தமான பிறகு அதே திறப்பில் அதிகக் காற்று நுழைந்து, வெப்பம் அவர் எதிர்பார்த்த அளவைத் தாண்டிவிடும். பீங்கான் சுவர் ஒரு முறை சூடேறிவிட்டால், கதவுகளை இறுக்கினாலும் இறங்குவதற்கு நெடுநேரம் பிடிக்கும். ஆகவே கூடையை முதல் முறை பயன்படுத்தும்போது, வேண்டிய வெப்பத்துக்கு 25 டிகிரி முன்பாகவே கதவுகளை ஒடுக்கத் தொடங்குவதும், புதிய கணக்கைக் குறித்து வைத்துக்கொள்வதும் நல்லது.

கூடையை அடித்தட்டின் மேல் வைக்க வேண்டுமா, தட்டை எடுத்துவிட வேண்டுமா?

கூடையின் அடிப்பகுதி நெருக்கமான கம்பிகளால் ஆனதாக இருந்து, கிண்ணத்தின் உள்விளிம்பில் ஆடாமல் உட்காருமானால், தட்டை எடுத்துவிடுவதே மேல். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு அடுக்குத் துளைகள் இருந்தால், கூடையிலிருந்து உதிரும் சாம்பல் கீழுள்ள தட்டில் தேங்கிவிடும். எதற்காகக் கூடை வாங்கினோமோ அதே அடைப்பு ஓர் அடுக்கு கீழே நிகழும். தட்டின் மேல் வைக்கும்படி தயாரிப்பாளர் சொல்லியிருந்தால் அப்படியே வைக்கலாம். அப்போது கூடையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தட்டின் துளைகளையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும்.

எந்த அளவுக் கூடை பொருந்தும் என்று எப்படிக் கண்டறிவது?

அடுப்பின் பெயரில் உள்ள 'பெரியது', 'நடுத்தரம்' போன்ற சொற்களை நம்ப வேண்டாம். ஒரு நிறுவனத்தின் பெரியது மற்றொன்றின் நடுத்தரமாக இருக்கும். ஆறிய அடுப்பைக் காலி செய்து, மூன்று அளவுகளை எடுக்க வேண்டும்: தட்டு உட்காரும் இடத்தில் கிண்ணத்தின் உள்விட்டம், கிண்ணத்தின் வாய் விட்டம், தட்டிலிருந்து மறைப்புக் கல்லின் அடிப்பக்கம் வரையிலான உயரம். கிண்ணம் கீழே குறுகி மேலே விரிவதால், நேர்ச்சுவர்க் கூடையானால் அடிவிட்டம்தான் எல்லை.

இடைவெளியை எப்போதும் விட வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சூட்டில் கணிசமாக விரியும் உலோகம். 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள கூடை 600 டிகிரி சூடேறினால் விட்டத்தில் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குப் பெரிதாகும். பீங்கான் அவ்வளவு விரியாது. குளிர்ந்த நிலையில் இறுக்கமாகப் பொருந்திய கூடை, சூட்டில் கிண்ணத்தின் சுவரை உள்ளிருந்து நெருக்கும். சுற்றிலும் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் இந்தக் கவலை இல்லை, காற்றும் தாராளமாக ஏறும்.

உயரத்தில், கைப்பிடிகளையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மடங்கும் கைப்பிடிகள் உள்ள கூடையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நிமிர்ந்தே நிற்கும் கைப்பிடி மறைப்புக் கல்லை முட்டினால், கல் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

எந்த உலோகம் ஏற்றது? வீட்டிலேயே கம்பி வலையால் செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம், ஒரு நிபந்தனையோடு: துத்தநாகம் பூசிய ஜி.ஐ. வலையையோ ஜி.ஐ. கம்பியையோ ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. துத்தநாகம் சுமார் 420 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். செம்மஞ்சள் நிறத்தில் ஒளிரும் கங்கு 900 டிகிரியைத் தொடக்கூடியது என்பதால், பூச்சு உருகுவதோடு நிற்காமல் புகையாகவும் எழும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு, சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியுமாக, உலோகப் புகைக் காய்ச்சல் எனப்படும் நோய் வரும். பூச்சு முதல் நெருப்பிலேயே எரிந்துபோய்விடும், பிறகு பயமில்லை என்ற வாதத்தைச் சிலர் முன்வைக்கிறார்கள். எரிந்துபோய்விட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை என்பதால், உணவு வைக்கும் அடுப்பில் அந்தப் பரிசோதனை வேண்டாம். வண்ணம் பூசியவை, குரோமியம் முலாம் பூசியவை ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

விலைக்குக் கிடைக்கும் நல்ல கூடைகள் பெரும்பாலும் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலால் ஆனவை. அதில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் துருவைத் தடுக்கிறது. முதல் நெருப்பிலேயே கூடை பொன்னிறமாகி, நீலம் பாய்ந்து, பிறகு சாம்பல் கருமையாகிவிடும். அது கெட்டுப்போனதற்கு அடையாளம் அன்று. சூட்டில் அந்தப் படலம் தடிப்பதால் வரும் நிறம். பூச்சில்லாத சாதாரண இரும்பும் தீங்கற்றதே. சீக்கிரம் செதிலடித்துத் தேய்ந்துபோகும், அவ்வளவுதான். எந்த உலோகமானாலும் மெல்லிய கம்பி வேண்டாம்: அது சூட்டில் தொய்ந்து வளையும்.

எந்தக் கரியைப் போடுவது? பெரிய துண்டுகளை அடியில் அடுக்க வேண்டுமா?

கமாடோவுக்கு மரத்துண்டுகளை அப்படியே கரியாக்கிய கட்டிக்கரி ஏற்றது. கரித்தூளை மாவுப்பசையோடு அழுத்திச் செய்த அச்சுக்கரி எரிந்த பின் விட்டுச்செல்லும் சாம்பல் மிக அதிகம். காற்றுவழி குறுகிய இந்த அடுப்பில் அந்தச் சாம்பலே நெருப்பை அணைத்துவிடும். அச்சுக்கரியைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், கூடை அவசியம் என்றே சொல்வேன்.

அடுக்குவதைப் பொறுத்தவரை, அடித்தட்டு மட்டும் உள்ள அடுப்பில் பெரிய துண்டுகளை அடியிலும், நடுத்தரத் துண்டுகளை அவற்றின் மேலும் வைப்பது பலன் தரும். கூடையில் அவ்வளவு பக்குவம் தேவையில்லை. ஆனால் பையை அப்படியே கவிழ்த்துக் கொட்டுவது கூடையிலும் தவறு, ஏனெனில் பையின் அடியில் சேர்ந்த தூள் மொத்தமும் ஒரே இடத்தில் விழுந்து ஒரு திரையைப் போடும். கையுறை போட்டுக்கொண்டு துண்டு துண்டாக எடுத்து வைத்துவிட்டு, கடைசியில் மிஞ்சும் தூளைத் தனியே ஒதுக்கிவிடலாம்.

எவ்வளவு நிரப்ப வேண்டும்?

கூடையின் விளிம்பு வரை. எடுத்துக்கொண்ட வெப்பத்துக்கு வேண்டிய கரி மட்டுமே எரியும், மிச்சம் அடுத்த முறைக்கு ஆகும் என்பதால் குறைத்துப் போடுவதில் சிக்கனம் எதுவும் இல்லை. விளிம்புக்கு மேல் குவித்தால் கரி மறைப்புக் கல்லைத் தொட்டுவிடும். அப்போது கல்லின் ஒரு பகுதி மட்டும் கடுஞ்சூடேறும்.

பற்றவைக்கும் முறை கூடையில் மாறுமா?

அடிப்படையில் மாறாது. 107 முதல் 135 டிகிரி வரையில் பல மணி நேரம் வேகவைக்கும் சமையலுக்கு, மேற்பரப்பின் நடுவில் ஒரே ஓர் இடத்தில் பற்றவைத்தால் போதும்; நெருப்பு மெதுவாகக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் பரவும். அதிக வெப்பத்துக்கு மூன்று இடங்களில் பற்றவைக்கலாம். கூடையில் காற்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கிடைப்பதால் நெருப்பு வேகமாகப் பரவும் என்பதை எதிர்பார்த்து, மூடியைச் சற்று முன்னதாகவே மூடிவிட வேண்டும். தொடக்கத்தில் வரும் தடித்த வெண்புகை அடங்கி, கண்ணுக்கு அரிதாகத் தெரியும் மெல்லிய புகையாக மாறிய பிறகே உணவை வைக்க வேண்டும்.

மண்ணெண்ணெயோ பற்றவைக்கும் திரவமோ வேண்டவே வேண்டாம். பீங்கானின் உட்பரப்பு நுண்துளைகள் கொண்டது. அது உறிஞ்சிய எண்ணெயின் வாடை எத்தனையோ சமையல்களுக்குப் பின்னும் உணவில் வந்துகொண்டிருக்கும். மெழுகுக் கட்டியோ மின்சூடேற்றியோ போதும்.

நீண்ட சமையலின் நடுவே வெப்பம் இறங்கிக்கொண்டே போகிறது. கதவைத் திறந்தாலும் ஏறவில்லை. என்ன செய்வது?

முதலில் மூடியைத் திறக்காமல், கீழ்க் கதவை முழுக்கத் திறந்து, குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். அடித்தட்டின் அல்லது கூடையின் அடிக்கம்பிகளின் இடைவெளிகளில் ஆரஞ்சு ஒளி தெரிந்தால் பாதை திறந்திருக்கிறது. சிக்கல் மேல் திறப்பிலோ, கரி தீர்ந்துபோனதிலோ இருக்கிறது. ஒளி ஒரு பக்கம் மட்டும் தெரிந்து மறுபக்கம் இருண்டிருந்தால், இருண்ட பக்கத்தில் சாம்பல் அடைத்திருக்கிறது. எங்கும் ஒளியே இல்லாமல், மேலே மட்டும் வெப்பம் இருந்தால், நெருப்பு நீறு பூத்துக் கிடக்கிறது என்று பொருள்: கங்கு உயிரோடு இருந்தும் காற்று எட்டவில்லை. ஒரே இடத்தில் பற்றவைத்த நெருப்பு முதல் சில மணி நேரம் மேற்பரப்பிலேயே இருக்கும் என்பதால், தொடக்கத்திலேயே அடியில் ஒளி தெரியவில்லை என்று பதற வேண்டியதில்லை. இந்தச் சோதனை சமையல் பாதி கடந்த பிறகே பொருள் தரும்.

அடைப்புதான் என்று உறுதியானால், முனை வளைத்த மெல்லிய இரும்புக் கம்பியைக் கீழ்க் கதவு வழியாக நுழைத்து, துளைகளைக் கீழிருந்து மேலாகக் குத்திவிட வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் சாம்பல் பொலபொலவென்று உதிரும். அடைப்பு விட்டவுடன் கம்பிக்குப் பின்னாலேயே ஒளி தோன்றும். அடியில் விழுந்த சாம்பல் கதவின் உள்வாயை மறித்திருந்தால், வாரியால் இழுத்துவிட வேண்டும். இவ்வளவுக்குப் பின் வெப்பம் ஏறத் தொடங்கினால், உடனே கீழ்க் கதவைப் பழைய அளவுக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது. திறந்தபடி விட்டுவிட்டு உள்ளே போனவர்கள் திரும்பி வரும்போது அடுப்பு 200 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

கிண்ணத்தின் முன்புறத் திறப்பு கீழ்க் கதவுக்கு நேராக இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்க்க வேண்டும். சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப வைக்கும்போது கிண்ணம் சற்றே திரும்பிவிட்டால், எவ்வளவு நல்ல கூடையாலும் பயனில்லை.

சூடாக இருக்கும்போது கூடையை வெளியே எடுத்துக் கரி சேர்க்கலாமா?

கூடாது. கங்கு நிறைந்த கூடையின் கைப்பிடி, தடித்த கையுறையையும் மீறிச் சுடும். கை நழுவினால் தரையெங்கும் நெருப்பு. கரி சேர்த்தே தீர வேண்டும் என்றால், உணவையும் மறைப்புக் கல்லையும் எடுத்துவிட்டு, நீண்ட இடுக்கியால் துண்டு துண்டாக வைக்கலாம். புதிய கரி சிறிது நேரம் புகையும். அந்தப் புகை அடங்கிய பின் உணவைத் திரும்ப வைக்க வேண்டும். தொடக்கத்திலேயே கூடையை நிரப்பியிருந்தால், குறைந்த வெப்பத்தில் 12 மணி நேரச் சமையலுக்குக்கூட இந்தத் தேவை பெரும்பாலும் எழாது.

மூடியைத் திறப்பதிலும் கவனம் வேண்டும். காற்றுக் குறைவில் எரிந்துகொண்டிருந்த அடுப்புக்குள் எரியாத வாயுக்கள் தேங்கியிருக்கும். மூடியைச் சட்டென்று தூக்கினால் காற்று பாய்ந்து அவை ஒரே நொடியில் பற்றி, முகத்தை நோக்கிச் சுவாலை வீசும். முதலில் சில சென்டிமீட்டர் மட்டும் தூக்கி, சில நொடிகள் அப்படியே பிடித்து, பிறகு மெதுவாகத் திறக்க வேண்டும். கூடையால் காற்று வேகமாக நுழையும் அடுப்பில் இந்தப் பழக்கத்தை ஒருபோதும் தளர்த்தக் கூடாது.

நடுவில் தடுப்புள்ள கூடை எதற்கு?

கரியைக் கூடையின் ஒரு பாதியில் மட்டும் எரிய விடுவதற்கு. அந்தப் பாதிக்கு மேல் நேரடித் தணலில் வாட்டலாம். மறுபாதிக்கு மேல், அரை வட்ட மறைப்புக் கல்லின் துணையோடு, மெதுவாக வேகவிடலாம். தடித்த இறைச்சித் துண்டை முதலில் மிதமான பக்கத்தில் உள்ளே வேகவைத்து, பிறகு தணல் பக்கத்துக்கு நகர்த்தி மேற்பரப்பை முறுக வைப்பது இதன் முதன்மையான பயன். இருந்தாலும், வட்டமான பீங்கான் சுவர் எல்லாப் பக்கமும் வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதால், மூடிய கமாடோவில் 'குளிர்ந்த பக்கம்' என்று உண்மையில் ஒன்றில்லை. சிறிய அடுப்பு வைத்திருப்பவர்களுக்குத் தடுப்பு தேவையில்லை.

வெப்பக் கட்டுப்பாட்டு விசிறியோடு கூடை ஒத்துப்போகுமா?

கீழ்க் கதவில் பொருத்தி, காற்றை ஊதி வெப்பத்தை ஒரே அளவில் நிறுத்தும் சிறு விசிறியோடு கூடை நன்றாகவே ஒத்துப்போகும். முன்பே அடியில் சாம்பல் இருந்தால் விசிறி அதை ஊதி உணவின் மேல் படியவைக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் அடியைத் துடைத்தெடுத்த பிறகே விசிறியைப் பொருத்த வேண்டும்.

நெருப்புக் கிண்ணத்தில் விரிசல் கண்டிருக்கிறது. கூடை அதைத் தாங்குமா?

கிண்ணம் அடுப்பிலேயே மிகக் கடுமையான சூட்டைச் சந்திக்கும் பகுதி. உட்பக்கம் தணலையும் வெளிப்பக்கம் நுழையும் குளிர்ந்த காற்றையும் ஒரே நேரத்தில் எதிர்கொள்வதால், சீரற்ற விரிவில் கோடு விழுவது அபூர்வம் அன்று. இதனால்தான் சில தயாரிப்பாளர்கள் கிண்ணத்தை ஒரே வார்ப்பாகச் செய்யாமல் பல துண்டுகளாகச் செய்து, விரிய இடம் விட்டிருக்கிறார்கள். மெல்லிய கோடு சமையலைப் பாதிக்காது. துண்டு விலகி நிற்கும் அளவுக்கு உடைந்திருந்தால் மாற்ற வேண்டும்; கூடை கரியை ஒன்றாகப் பிடித்து வைத்து, உடைந்த விளிம்பு வழியாகத் துண்டுகள் விழாமல் காக்குமே தவிர, கிண்ணத்தின் வேலையைச் செய்யாது. மேலே வளையத்தையும் கல்லையும் தாங்குவது கிண்ணம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சமையல் முடிந்ததும் அணைப்பது எப்படி? மிச்சக் கரி வீணாகுமா?

இரண்டு திறப்புகளையும் முழுக்க மூடிவிட்டால் காற்றின்றி நெருப்பு தானே அடங்கும். மிச்சக் கரி அப்படியே அடுத்த முறைக்குக் கிடைக்கும். தண்ணீர் ஊற்றுவது பீங்கானை வெடிக்கச் செய்யும். மூடி வைத்த அடுப்புக்குள்ளும் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு நிறமும் மணமும் இல்லை. எனவே அணைந்துகொண்டிருக்கும் அடுப்பை மழைக்காகக்கூட வீட்டுக்குள்ளோ வாகனக் கொட்டகைக்குள்ளோ உருட்டி வரக் கூடாது.

அடுத்த முறை, பழைய கரியைக் குலுக்கிச் சலித்த பிறகு புதுக் கரியை அதன் மேல் போட வேண்டும். பழைய துண்டுகள் ஏற்கெனவே ஒரு முறை எரிந்தவை. எளிதில் பற்றிக்கொள்ளும், சீக்கிரம் தீரும். நெடுநேரச் சமையலுக்குப் பழையது பாதிக்கு மேல் இருக்க வேண்டாம்.

சாம்பலை எப்போது, எப்படி எடுப்பது?

அடுப்பு முற்றிலும் ஆறிய பிறகு. வெளிச்சுவர் குளிர்ந்திருப்பது போதிய அடையாளம் அன்று: சாம்பலுக்குள் புதைந்த கங்கு ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். எடுக்கும் சாம்பலை மூடியுள்ள உலோகத் தகரத்தில் மட்டும் போட வேண்டும். பிளாஸ்டிக் வாளி, அட்டைப்பெட்டி, குப்பைப் பை எதுவும் ஆகாது. வீட்டைத் துடைக்கும் சாதாரண உறிஞ்சி இயந்திரத்தையும் பயன்படுத்தக் கூடாது.

மழைக்காலம் முழுக்க அடுப்பைத் தொடாமல் வைக்க வேண்டும். கூடையை உள்ளேயே விடலாமா?

வெளியே எடுத்து, சாம்பலை உதறி, உலர்ந்த இடத்தில் வைப்பதே நல்லது. மரச்சாம்பல் காரத்தன்மை கொண்டது. ஈரத்தை உறிஞ்சி உலோகத்தின் மேல் பசையாக ஒட்டிக்கொண்டால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் புள்ளி விழும், வார்ப்பிரும்பை அது தின்றுவிடும். கரியும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த அடுப்பைத் திறக்கும்போது உட்சுவரில் பூஞ்சை படர்ந்திருந்தால், பழைய கரியைக் கொட்டிவிட்டு, புதுக் கரியோடு 300 டிகிரியில் அரை மணி நேரம் வெறுமனே எரிய விட்டு, ஆறிய பின் உணவு வைக்கும் கம்பித்தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரம் ஏறிய பீங்கானை அந்த வெப்பத்துக்கு மெதுவாகவே ஏற்ற வேண்டும்.

கூடையை எப்போது மாற்றுவது?

கம்பி வளைந்திருப்பது மட்டும் காரணமாகாது. அநேகமாக எல்லாக் கூடைகளும் கொஞ்சம் வளையும். வெல்டிங் விட்டுப்போன மூட்டுகள், குறிப்பாகக் கைப்பிடி சேரும் இடம், முதலில் கவனிக்க வேண்டியவை. கரி நிறைந்த கூடையை ஒரு கையால் தூக்கிப் பார்க்கும்போது கைப்பிடி அசைந்தால், அந்த இணைப்பை மீண்டும் வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது கூடையை மாற்றிவிட வேண்டும். அடிக்கம்பிகளில் ஏதேனும் ஒன்று நடுவில் பாதித் தடிமனுக்குத் தேய்ந்திருந்தால் அது அடுத்த சில நெருப்புகளில் அறுந்துவிடும். அப்போது அந்த இடைவெளி வழியாக நல்ல கரி கீழே விழுந்து, கீழ்க் கதவின் வாயிலேயே எரியத் தொடங்கும். கதவின் உலோகச் சட்டம் கருகியிருப்பதைக் கண்டால், கூடையின் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.